சாமிக் கிடாய்க்குப் போட்ட கயிறு

தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு வந்து ஆடுகளுக்குத் தழை போடும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. கிடாயின் தாடைக்குக் கீழே, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. போன வருடம் என் கழுத்திலும் அதே இடத்தில்தான் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் வெட்டியெடுத்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லும்வரை என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. அப்போது அவர் முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட குட்டிதான் இந்தக் கிடாய்.

"ஒங்க வியாதிய அது வாங்கிக்கிச்சு அக்கா," என்றாள் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராக்காரி. ஆறுதல் சொல்கிறாளாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்காரர் கட்டியைக் கீறிவிடக் கவ்வாத்துக் கத்தியோடு வந்தார். தேயிலைச் செடி வெட்டுகிற கத்தி அது.

"டாக்டர் பாக்காம வேணாங்க. என் கழுத்துல இத வச்சிருப்பீங்களா?" என்றேன். கத்தியைக் கீழே வைத்தார்.

மிருக வைத்தியர் வந்து, ஊசியால் கொஞ்சம் சீழ் எடுத்துப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார். கட்டி உடைந்து சீழ் சிந்தினால் மற்ற ஆடுகளுக்கும் ஒட்டும், கிடாயைத் தனியாகக் கட்டுங்கள் என்றார்.

அங்கேதான் சிக்கல். எங்கள் தோட்டத்தில் நேர்ந்துவிட்ட கிடாயை யாரும் கட்டுவதில்லை. அது எந்த லயத்து வாசலிலும் நிற்கும், எல்லார் ஆட்டோடும் படுக்கும். "சாமி சொத்துக்குக் கயிறு போடுறதா?" என்று லயமே கூடிவிட்டது. வீட்டுக்காரரும் கயிற்றை எடுக்கவில்லை. கட்டினால் எனக்கு மறுபடியும் வந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். எனக்கு மட்டும் இல்லையா? ஆனால் பட்டியில் சினை ஆடுகள் நின்றன. கோயில் பக்கம் திரும்பி, "கோவம்னா எம்மேல வச்சுக்க சாமி," என்று சொல்லிவிட்டு நானே கயிற்றைப் போட்டேன்.

ஒட்டுகிற நோய்தான் என்று முடிவு வந்தது. அதற்குள் கிடாய்க்குத் தோளிலும் கட்டிகள் கிளம்பி, தீனி எடுப்பதும் நின்றுபோயிருந்தது. வைத்தியரே ஊசி போட்டு அதன் உயிரை முடித்தார். ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். சாமிக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. நான் வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் காலை ஒவ்வொரு ஆட்டின் தாடையையும் தடவிப் பார்த்தேன். எதிலும் கட்டி இல்லை. நிமிர்ந்தபோது என் கழுத்தில் ஒரு கை பட்டது. வீட்டுக்காரர் தழும்பைச் சுற்றி மெதுவாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்ல புள்ள," என்றார். கையை மட்டும் எடுக்கவில்லை.