மாவுக்கட்டு டாக்டரம்மா

தெருவில் அவளை மைக் டீச்சர் என்பார்கள். தொண்டை அப்படி. கீழ்த்தளத்தில் பிளே ஸ்கூல் நடத்துகிறாள். அவள் 'உட்காரு' என்றால் மாடியில் நிற்பவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள். குழந்தைகள் கற்பனையாக விளையாட வேண்டும் என்பதில் அவளுக்கு உயிர். ஆனால் அந்த விளையாட்டிலும் யார் ராஜா, யார் குதிரை என்று அவள்தான் சொல்வாள். சும்மா பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் அவளுக்கு வராது.

அவளிடம் வரும் நாலு வயதுக் குட்டி ஒன்று படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் மாவுக்கட்டைப் பிரிக்கப் போன அன்று, வெட்டுகிற மெஷின் உறுமியதும் அது போட்ட கூச்சலில் ஆஸ்பத்திரியே கூடிவிட்டது. வியாழக்கிழமை திரும்ப வரும்போதும் இப்படித்தான் என்றால் மயக்க மருந்து கொடுத்துத்தான் வெட்டணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குட்டியின் அம்மா நேரே டீச்சரிடம் வந்து புலம்பினாள்.

இதெல்லாம் ஒரு விஷயமா, என்னிடம் விடுங்கள் என்று டீச்சர் வாக்குக் கொடுத்துவிட்டாள். வாய்தானே, கொடுத்துவிட்டது.

மறுநாள் வகுப்பறை ஆஸ்பத்திரி ஆனது. பாய்தான் கட்டில். "நீதான்டா செல்லம் பேஷன்ட், வந்து படு" என்றாள். படுக்கிறதாவது! குட்டி நொண்டிக்கொண்டே போய் மேஜைக்கடியில் புகுந்துகொண்டது. கெஞ்சினாள், பொம்மை காட்டினாள். ம்ஹூம். நிஜத்தில் எதற்குப் பயந்து சாகிறதோ, விளையாட்டிலும் அதையே செய்யச் சொன்னால் குழந்தை எப்படி ஐயா வரும்? அது அந்த மகராசிக்கு உறைக்கவில்லை.

புதன்கிழமையும் அதே கதை. பேசிப் பேசி அலுத்துப்போய், நாளைக்கு அந்த அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்று நொந்துகொண்டு பாயில் தானே சாய்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் காலில் ஏதோ சுற்றுவது தெரிந்தது. பார்த்தால், குட்டி துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. 'அங்கே இல்லம்மா, முட்டிக்குக் கீழே' என்று நாக்கு நுனிவரை வந்ததை டீச்சர் விழுங்கினாள். வாழ்நாளில் அவள் விழுங்கிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

டர்ர்ர் என்று குட்டி துண்டின்மேல் சீப்பை ஓட்டியது. டீச்சர் பயந்தவள்போலக் காலை இழுத்துக்கொண்டாள்.

"அழக் கூடாது. சத்தம் மட்டும்தான் போடும், கடிக்காது" என்றது டாக்டரம்மா.

"நிஜமாவா டாக்டர்?"

"நான் இருக்கேன்ல."

அன்று சாயங்காலத்துக்குள் டீச்சரின் கால் எத்தனை தடவை உடைந்து கூடியது என்று அவளுக்கே தெரியாது.

வியாழக்கிழமை காலை அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஃபோன் அடித்தது. எடுத்தால், அம்மா விசும்புகிறாள். டீச்சருக்குப் பாதி உயிர் போய்விட்டது. மயக்க மருந்து கொடுத்துவிட்டார்களா என்று கேட்டாள்.

"இல்ல டீச்சர், பிரிச்சாச்சு. முழிச்சுக்கிட்டுதான் இருந்தா. இருங்க, அவ உங்ககிட்ட பேசணுமாம்."

குட்டியின் குரல் வந்தது. "டீச்சர், இந்த டாக்டர் ரொம்பப் பயந்துட்டாரு. பாவம். நான்தான் தைரியம் சொன்னேன்."

அப்பாடா! டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்.