பொம்மையார்பாளையத்தில் என் முகம் போட்ட எச்.ஐ.வி. பேனர்

போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்திலிருந்து பொம்மையார்பாளையம் போய்வந்தேன். கடற்கரை பார்க்க அல்ல. என் தங்கை வீட்டு மாடியில் கிரேஸ் என்ற கென்யாக்காரப் பெண் குடியிருக்கிறாள்; புதுச்சேரியில் நர்சிங் படிக்கிறாள். அந்தப் பக்கம் தங்கிப் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை முகாம் வைக்கிறாள். தங்கையிடம் கற்ற தமிழில், "பேனர் மட்டும் அடிச்சிக்கினு வாங்க அங்கிள்" என்றாள்.

வரவேற்பு பேனர் என்றால் வரவேற்பவர் முகம் வேண்டாமா? நம் மாவட்டத்தில் காதுகுத்துக்கே பத்து முகம் போடுகிறார்கள். கூலிங்கிளாஸ் போட்ட என் படத்தை ஆளுயரத்துக்குப் போடச் சொன்னேன். பேனர் கடை விழுப்புரத்தில் என்பதால் சுற்றுவழி, கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர் கூடுதல். காலை ஆறு மணி பஸ். நான் கை காட்டினால் ரயிலே நிற்கும், பஸ் எம்மாத்திரம். அங்கிருந்து புதுச்சேரிக்கு இன்னொரு பஸ், பிறகு ஷேர் ஆட்டோ. மடியில் சுருட்டிய பேனரோடு எனக்கு இருப்பே கொள்ளவில்லை.

பத்து மணிக்கு தங்கை வீட்டு வாசலில் பேனரைக் கட்டினோம்; முகாம் அங்கேதான். எதிர் டீக்கடைக்காரர் முதலில் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கீழே 'எச்.ஐ.வி. பரிசோதனை' என்ற எழுத்தைப் படித்தார்.

"இன்னா மாமா, உனக்கா? எப்பத்துலேர்ந்து?"

கடையே சிரித்தது. மாணவர்கள் தெருமுனையிலேயே நின்றுவிட்டார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை.

"உங்களையே பாத்து சிரிக்கிறாங்க அங்கிள், எங்கள விடுவாங்களா?" என்றாள் கிரேஸ். "பஸ்ல எங்க பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. இங்க வந்து டெஸ்ட் எடுத்தா, பாத்தியா, இவங்களுக்குத்தான் அந்த நோவுன்னு வீட்ட காலி பண்ணச் சொல்வாங்க. அதான் பயம். இன்னிக்கு யாரும் வரலன்னா மறுபடி கூப்பிட முடியாது."

எனக்குப் பொறுக்கவில்லை. டீக்கடைக்காரரிடம் போனேன்.

"மூஞ்சி போட்டவன் நான். மொத ஊசி எனக்குத்தான். வர்றியா, இல்ல பயமா?"

"பயமா? எனக்கா?" என்று டம்ளரை வைத்துவிட்டு வந்தார். டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம். எட்டு யானையை அடக்கிய ஆள் நான், முடிவு வரும்வரை அந்த இருபது நிமிடம் பெஞ்சில் உட்கார முடியவில்லை. தண்ணீர் குடித்தேன், வாசலுக்கு நடந்தேன், திரும்ப வந்தேன். தலை நிமிர்ந்தபோது உள்ளூர்க்காரர்களுக்குப் பின்னால் மாணவர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். அந்த வரிசையில் எவர் எதற்காகப் பயந்தார் என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கிரேஸ் ரத்தம் எடுப்பதற்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெரிசல், ஒன்பதுக்குள் போய்விடுங்கள். முகாம் இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனை இலவசம். நோய் இருந்தால் மாத்திரையும் இலவசம். விடாமல் போட்டால் நெடுநாள் வாழலாம். முடிவை உங்களிடம் மட்டுமே சொல்வார்கள்.

டீக்கடைக்காரர் இன்னும் போன் போட்டு என் ரிசல்ட்டைக் கேட்கிறார். யானை எட்டா பத்தா என்று வேண்டுமானால் கேட்கட்டும், சொல்கிறேன்.