மண்டையில் அடிபட்டால் கேட்க வேண்டிய கேள்வி

“அசையாத! இன்னைக்கு என்ன கிழமை?”

கேட்டவர் டைல்ஸ் கிடங்கின் மேற்பார்வையாளர். அலமாரி விளிம்பில் தலையை லேசாக இடித்துக்கொண்ட சுமைதூக்கி பதில் சொல்லியாக வேண்டும். சொன்னால்தான் அவர் கையிலிருக்கும் கட்டுத்துணி மறுபடி பெட்டிக்குள் போகும். அரை நாள் முதலுதவிப் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து இவருக்கு ‘டாக்டர்’ என்று பெயர். கிண்டலாக வைத்ததுதான். அவர் மனமார ஏற்றுக்கொண்டார்.

பக்கத்துக் கடையில் மூக்குக்கண்ணாடி விற்கும் நான் கதவில் முட்டிக்கொண்டால்கூட மூச்சுவிட மாட்டேன். சத்தம் கேட்டால் போதும், மனுஷர் பஞ்சும் கையுமாக வந்து நிற்பார். “தலையில அடிபட்டவனுக்குத் தண்ணி குடுக்காதே, கழுத்தை அசைக்காதே, பேச்சுக் குடுத்துப் பாரு. உளறினா, வாந்தி எடுத்தா, உடனே ஆஸ்பத்திரி!” பாடம் சரிதான். ஆனால் கிழமை அவருக்கே தெரியாது. அடிபட்டவன் சொன்னது சரியா என்று பக்கத்தில் நிற்பவரிடம் ரகசியமாக விசாரித்துக்கொள்வார்.

அவர் மனைவி அதே கிடங்கில் பில் போடுகிறார். “ஊரான் மண்டையெல்லாம் சோதிக்கிறாரு. கல்யாண நாளு, என் பிறந்த நாளு, ஒண்ணு ஞாபகம் இருக்கா கேளுங்க!” என்று என்னிடம் அலுத்துக்கொள்வார்.

போன வாரம் டாக்டர் ஏணி உச்சியில் நின்றுகொண்டு, ஏணியில் ஜாக்கிரதையாக நிற்பது எப்படி என்று கீழே இருந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். விழுந்துவிட்டார். நான் ஓடிப்போனபோது நெற்றிக்கு மேலே ரத்தம். சுமைதூக்கி சுத்தமான துணியை மெதுவாக அழுத்திப் பிடித்திருந்தான்.

“நீ தப்பாப் பிடிக்கிற” என்றார் படுத்தபடியே. “எனக்கு ஒண்ணுமில்ல. போய் வேலையைப் பாருங்க.”

மனைவி பதறி ஓடிவந்தார். “ஏங்க, இன்னைக்கு என்ன கிழமை?”

“வெள்ளி.”

அன்று புதன். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“நல்லா இருக்கும்போதும் அண்ணன் இப்படித்தான் அண்ணி சொல்வாரு” என்றான் சுமைதூக்கி. நியாயமான சந்தேகம். உள்ளே ரத்தம் கசிகிறதா, மனுஷர் வழக்கம்போல இருக்கிறாரா?

“நம்ம கல்யாண நாளாவது சொல்லுங்க” என்றார் மனைவி, அழுகையை அடக்கிக்கொண்டு.

“ஜூன் பன்னெண்டு. நல்ல மழை. நீ செருப்பைக் கையில தூக்கிட்டு நடந்தே. அன்னைக்கு எங்கம்மா உன்னைப் பேசினது தப்பு. நான் வாயைத் திறந்து கேட்டிருக்கணும்.”

மனைவியின் முகம் வெளுத்துவிட்டது.

“ஐயோ, மூளை கலங்கிடுச்சு! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!”

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். “பயப்படாதீங்க, மூளையில ஒண்ணுமில்ல” என்றார் நிஜ டாக்டர். அது எங்களுக்கு முன்பே தெரியும் என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

மனைவி மட்டும் நகரவில்லை. “அப்போ அவர் சொன்னதெல்லாம்… நினைவோடதான் சொன்னாரா, டாக்டர்?”

“நல்ல நினைவோடதாம்மா.”

அவர் திரும்பிக் கணவரைப் பார்த்தார். கட்டுப் போட்ட தலை கூரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. “ஆளுங்க நிக்கிறாங்க” என்று மெல்ல முணுமுணுத்தது.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு போர்வைக்குள் கையை விட்டு, அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினார்.