நிழலோடு நகரும் பாய்

துலுக்கானத்தை நான் முதலில் தாண்டினேன், பிறகுதான் பார்த்தேன். எண்பத்தேழு மே மாதம், அம்பத்தூரில் அந்த மூன்று மாடிக் குடியிருப்புக்கு நான் குடிவந்த அன்று, இரண்டாம் மாடிப் படித் திருப்பத்தில் பாயில் கிடந்தார். "மெதிச்சுடாதே நைனா, உசுரோடதான் கீறேன்" என்றார், கண் திறக்காமலே.

அவருக்குத் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் இரவு ஷிப்ட். பழுக்கக் காய்ந்த இரும்பைக் கிடுக்கியால் பிடித்து, இயந்திரச் சம்மட்டிக்குக் கீழே காட்ட வேண்டும். "அங்க கண்ணு சொருவுச்சுன்னா கை பூடும்" என்பார். அதனால் பகலில் தூங்கியே ஆக வேண்டும். வீடோ மொட்டைமாடிக்கு நேர் கீழே. விசிறியைப் போட்டால் அனல்தான் இறங்கும்.

ஆகவே பாயோடு புறப்படுவார். பத்து மணிக்கு இரண்டாம் மாடித் திருப்பம். வெயில் அங்கே எட்டியதும் முதல் மாடி. பன்னிரண்டுக்குத் தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில். ஒவ்வொரு இடத்திலும், காய்ச்சல்கார நெற்றியைப் பார்ப்பதுபோல, இடது புறங்கையைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பாய் விரிப்பார். பெண்களுக்கு அவர்தான் கடிகாரம். "துலுக்கானம் கீழ வந்துட்டாரு, இன்னுமாடி உலை வெக்கல?"

எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், அதுவும் இயற்பியல். கான்கிரீட் வெப்பத்தை வாங்கி வைத்து மெல்ல வெளிவிடுவதை அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "அது கெடக்கட்டும் நைனா. எந்தச் செவுரு எத்தினி மணிக்குச் சுடும்? அத்த சொல்லு." எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரியும்.

ஜூன் தொடக்கத்தில் குடியிருப்புச் சங்கச் செயலாளர் கஜபதி புது ஸ்கூட்டர் வாங்கினார். படிக்கட்டுக்கு அடியில் நிறுத்தினார். "வெயில்ல நின்னா பெயிண்டு பூடும்பா."

துலுக்கானம் பாயைச் சுருட்டினார். மதியத்தில் தன் வீட்டிலேயே ஈரத்துணியைப் போர்த்திப் புரண்டார். எட்டாம் நாள் காலை, இடது கையில் பெரிய கட்டோடு வந்தார். இரண்டு விரல் இல்லை.

அவர் மனைவி புஷ்பா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கீழே நின்ற கஜபதியிடம் கேட்டாள்: "பெயிண்டு நல்லா கீதா அண்ணாத்தே?"

கஜபதி ஸ்கூட்டரை வெளியே தள்ளிக்கொண்டு போய் வெயிலில் நிறுத்தினார்.

இப்போது துலுக்கானம் அதே பட்டறையில் இரவுக் காவல். மதியத்தூக்கம் படிக்கட்டுக்கு அடியில்தான். நேற்று பாயோடு வந்தவர், வாசலில் நின்ற ஸ்கூட்டர் சீட்டின்மேல் வலது புறங்கையை வைத்துப் பார்த்தார். கையை உதறிக்கொண்டார். தலைக்கு வைக்கும் கோணிச் சாக்கை அதன்மேல் விரித்துவிட்டு உள்ளே போனார்.