தாண்டிப் போன பேய்க் கவிதைகள்

பார்வையற்றோர் நூலகத்தில் அவளை எல்லாரும் ரேடியோக்கா என்பார்கள். வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்பதற்காக வைத்த பட்டம், சம்பளமும் அதற்குத்தான். சுவரெல்லாம் கம்பளி தொங்கும் சின்ன அறையில், ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வாள். கேட்பவர்களுக்காக ஒவ்வொரு பக்கத்தின் எண்ணையும் முதலில் சொல்லிவிட வேண்டும்.

பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் பெரியவர் ஒருவர், பழைய அமெரிக்கக் கவிதைகளின் தமிழாக்கம் ஒன்றைக் கேட்டிருந்தார். அவர் மனைவியைப் பறிகொடுத்துச் சில மாதம்தான் ஆகியிருந்தது. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். எங்கு பார்த்தாலும் பாழடைந்த மாளிகை, கல்லறை, செத்துப்போன மனைவியின் காலடியோசை. இந்தக் கவிஞர்களுக்குப் பிணத்தை விட்டால் வேறு பேச்சே கிடையாதா என்று எரிச்சல்பட்டாள். அந்தக் கவிதைகளை ஓசைப்படாமல் தாண்டினாள். ஆனால் பழக்கதோஷம், பக்க எண்ணை மட்டும் உள்ளது உள்ளபடி சொல்லித் தொலைத்தாள்.

மறுவாரமே பெரியவர் தடியைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“பன்னிரண்டுக்கு அப்புறம் முப்பத்தொண்ணுன்னு சொல்றீங்களேம்மா. நடுவுல என்ன இருந்துச்சு?”

எல்லாம் பேயும் கல்லறையும், உங்கள் மனசு நோகுமே என்றுதான் விட்டேன் என்றாள். அவர் கோபப்படவில்லை, பட்டிருந்தால் தேவலை.

“என் வீட்டுலயும் இதேதான். மக அவ அம்மா பேச்சையே எடுக்க மாட்டா, எனக்கு வலிக்குமாம். அவ இருந்ததே பொய்யோன்னு ஆயிடுச்சு. இதுலயாவது ஒருத்தன் செத்தவகூடப் பேசுறான்ல. அதைப் படிங்கம்மா.”

படித்தாள். காற்றில் கதவைத் திறந்துகொண்டு செத்த மனைவி வந்து நிற்கும் இடத்தில் பெரியவர் சிரித்தே விட்டார். அவர் மனைவியும் ஒருநாள்கூடக் கதவைச் சாத்தியதில்லையாம். போகும்போது வாய் நிறைய நன்றி சொன்னார். உண்மையில் அந்த மனுஷருக்குத்தான் அவள் காலமெல்லாம் கடமைப்பட்டிருக்கிறாள். புருஷன் போன கையோடு, மகன் உடைந்துவிடுவான் என்று படத்தைக்கூடக் கழற்றி அலமாரிக்குள் வைத்தவள் அவள்.

அன்று சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தாள்.

“உங்கப்பா குறட்டை ஞாபகம் இருக்காடா?”

மகன் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான்.

“அவர் குரலே மறந்துக்கிட்டு வருதும்மா. நீ அழுவியேன்னுதான் இத்தனை வருஷமா கேக்கல.”