தூங்கும் இளவரசிக்கு ஒரே வசனம்

அந்தக் கார்ட்டூன் இளவரசியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் மகளோ அந்தப் படத்தைத் தினமும் முழுச் சத்தத்தில் பார்க்கிறாள். என்ன செய்து தொலைப்பது? பாதிப் படம் அந்த இளவரசி தூங்குகிறாள், எவனோ வந்து எழுப்புகிறான், உடனே கல்யாணம். இதற்கு ஒரு படம், அதற்கு நாலு பாட்டு.

சின்ன வயதில் நான் அதைச் சத்தமில்லாமல்தான் பார்த்தேன். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையில் நைனாவுக்கு வேலை. நைட் ஷிப்டு வாரத்தில் அவர் பகலில் தூங்குவார். எங்கள் வீட்டில் அப்போது குக்கர் ஏறாது, டிவியின் சத்தத்தை அம்மா அடியோடு குறைத்துவிடுவாள். நைனாவை எழுப்பினால் முதுகில் ஒன்று விழும். அதனால் படத்தின் கதையை நானே கட்டிக்கொண்டேன். அவள் ஏதோ மெஷினில் விரலைக் கொடுத்துவிட்டுச் சுருண்டு விழுகிறாள். ராத்திரி வேலை பார்த்த அசதி, பாவம், தூங்கட்டும் என்று விடாமல் ஒருவன் குதிரையில் வந்து எழுப்புகிறான். அவன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

மூன்றாம் வகுப்பு ஆண்டு விழாவில் அதே கதைதான் நாடகம். இளவரசி நான். வேறு வேஷமே கிடைக்கவில்லை போலிருக்கிறது! படுத்தே கிடந்து, கடைசியில் எழுந்து ஒரே வசனம்: "தூங்கியது போதும், கதவுகளைத் திறவுங்கள்." அதை நைனா வந்து கேட்டே ஆகவேண்டும் என்று பத்து நாள் நச்சரித்தேன். நைட் ஷிப்டு வாரம், முடியாது என்றாள் அம்மா. ஆனால் அவர் காலையில் ஷிப்டு முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல், ஆலைச் சட்டையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

இளவரசன் என்னைத் தொட்டான். எழுந்து பார்த்தால், நைனா தலை தொங்கத் தூங்குகிறார். எனக்கு வந்த எரிச்சலுக்குக் கத்தியிருக்க வேண்டும். வாயில் காற்றுதான் வந்தது. எல்லாம் வீட்டுப் பழக்கம். வசனத்தைக் கிசுகிசுத்தேன். சத்தமாகச் சொல் என்று டீச்சர் ஓரத்திலிருந்து பல்லைக் கடித்தார். மறுபடியும் கிசுகிசுத்தேன். கூட்டம் சிரித்தது. திரையை இழுத்து மூடிவிட்டார்கள்.

சிரிப்பில் விழித்துக்கொண்ட நைனா, நாடகம் முடிந்தது தெரிந்ததும் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார். அதில்தான் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

வீட்டுக்கு வந்து மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நைனா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு தபா சொல்லு பாப்பா. கேட்டுட்டு படுத்துக்கறேன்."

"தூங்கறதுக்குத்தான வந்த? போ நைனா."

படுக்கச் சொல்லி அம்மா மன்றாடினாள். அவர் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரம் போனது, சாயங்காலமும் ஆனது. கண்ணைக் கசக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினார். வாசலில் நின்று ஒரு முறை திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவே இல்லை.

ஒரு பொட்டுத் தூக்கம் இல்லாத மனுஷன் உலைக்கு முன்னால் நிற்பதென்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.