கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு ஸ்விட்ச்

உக்குவளையில் எனக்கு வயரிங் பாஸ் என்று பேர். கைவேலைக்காரர்களை மேசன் பாஸ், தச்சு பாஸ் என்று கூப்பிடுகிற ஊரில் கரண்டு வேலைக்காரனுக்கும் அந்த மரியாதை உண்டு. ரயில் பாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நான் கம்பி இழுக்காத வீடு குறைவு. சிங்களவர் வீடு, முஸ்லிம் கடை, எங்கள் கத்தோலிக்க வேதக்காரர் வீடு எல்லாம் என் கை பட்டதுதான். ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்து என்ன புண்ணியம்? பெற்ற பிள்ளைக்கு வெளிச்சம் அணைந்துகொண்டே வந்தபோது என் குறடும் டெஸ்டரும் எதற்கும் உதவவில்லை.

மகனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. முதலில் இருட்டில்தான் தடுமாறினான். பிறகு பக்கவாட்டில் நிற்கிற ஆள் தெரியாமல் போனது. நேரே இருப்பது மட்டும், குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோலத் தெரியும் என்றான். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகிறது, மருந்து கிடையாது என்று கண்டியில் கண் டாக்டர் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமையே எனக்கு எரிச்சலாக இருந்தது. எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். சொல்ல முடியாததற்கு எதற்கு டாக்டர்?

மாத்தளையில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்தவன், அந்த வேலையைத் தானாகவே விட்டுவிட்டு வந்தான். அதுவரை வாய்க்கு வாய் "கண்ணு, கண்ணு" என்று அவனைக் கூப்பிட்ட என் மனைவி, அன்றிலிருந்து "தம்பி" என்றுதான் கூப்பிட்டாள். செவ்வாய்க்கிழமைகளில் வஹகோட்டைக் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துவாள். அங்கே இருப்பவர் தொலைந்ததைத் தேடித் தருகிற புனிதர் அல்லவா? "சாவி தொலைஞ்சா, சங்கிலி தொலைஞ்சா தேடிக் குடுக்கிறாரு. எம் புள்ளையோட பார்வையத் தேடித் தரமாட்டாராமா?" என்று திரும்பி வந்து என்னோடு சண்டை பிடிப்பாள். நான் என்னவோ அவருக்குக் கையாள் மாதிரி!

இப்படி இருக்கையில்தான் அவன் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தான். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, பாதி பார்வையிலும் பாதி விரலிலுமாகத் தானே பூட்டினான். கடைசியில் என்னிடம் வந்தான்.

"உள்ளுக்கு லைட் போட்டுத் தாங்கப்பா. ஸ்விட்ச் வச்சு."

"ஸ்விட்ச் எதுக்குடா? கம்ப்யூட்டரப் போட்டா அதுவும் தன்னால எரிஞ்சிட்டுப் போகுது."

"எந்நேரமும் எரிஞ்சா வித்தியாசம் தெரியாதுப்பா. ஸ்விட்ச் இருந்தா போட்டு அணைச்சுப் பாத்துக்குவேன். காலையில ஒரு தரம், அந்தியில ஒரு தரம். எனக்கு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சுக்கலாமில்ல?"

டீக்குச் சீனி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுபோல அதைச் சொன்னான். நான் சாமான் பையை எடுத்தேன்.

அது மழை பிடித்த ஒரு பின்னேரம். எல்.இ.டி. பட்டியைக் கண்ணாடியின் விளிம்போடு சுற்றிவர ஒட்டினேன். நல்ல வெள்ளை வெளிச்சம் தருகிற பட்டி. பெட்டியின் பின் தகரத்தில் துளை போட்டு, "டக்" என்று ஊருக்கே கேட்கிற ஒரு ஸ்விட்சை வைத்தேன். விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், காதுக்கும் கேட்க வேண்டும். உள்ளேயிருந்து வருகிற ப்ளக்கில் நாலு வயர்: ஒரு மஞ்சள், இரண்டு கறுப்பு, ஒரு சிவப்பு. வீட்டு வயரிங்கில் நான் கண்டது சிவப்புத்தான் உயிர், கறுப்பு திரும்பிப் போகிற வழி. ஸ்விட்சைச் சிவப்பில்தான் போட வேண்டும். கை தன்பாட்டில் சிவப்பை எடுத்து முறுக்கியது. மூளையிடம் அது ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவன் கண்ணாடிக்கு முன்னால் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் மேசைக்கும் சுவருக்கும் நடுவில், பெட்டியின் மறுபக்கம் குந்தியிருந்தேன். நடுவில் தகரம் மறைப்பதால் கண்ணாடிப் பக்கம் எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டரை ஓடவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். டக்.

"எரியுதா?"

"இல்லப்பா."

அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். "இப்ப?"

"இல்ல."

ஐயோ, என் தெய்வமே! என் வயரிங் பிழை போகாது. அப்படியென்றால் பிழை போனது எது? சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

பெட்டிக்குள் கும்மிருட்டு. லைட் உண்மையிலேயே எரியவில்லை!

செய்த வேலை பிழை போனதற்காகச் சந்தோஷப்பட்ட வயரிங்காரன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். சத்தம் போட்டுச் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

"சிவப்பிலயா குடுத்தீங்க? அதுல அஞ்சு வோல்ட்தான்ப்பா வரும். பட்டிக்குப் பன்னெண்டு வேணும், அது மஞ்சள்ல வருது."

"ஆனைக்கும் அடி சறுக்கும்டா" என்றேன்.

"ஆனை இறங்கி மஞ்சள்ல குடுக்கட்டும்" என்றான். வீட்டில் கேலி கேட்டு எத்தனை காலம்! குசினியில் சமைத்துக்கொண்டிருந்த என் மனைவிகூடச் சிரித்தது கேட்டது.

கம்ப்யூட்டரையும் ஸ்விட்சையும் அணைத்து, ப்ளக்கைக் கழற்றி, மஞ்சளுக்கு மாற்றி முறுக்கி, டேப் சுற்றினேன். நான் சொல்லுமுன்னே அவன் அவசரப்பட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டான். காற்றாடி சுழலத் தொடங்கியது. லைட் ப்ளக்கை நான் இன்னும் செருகவில்லை, அது என் இடது கையில் இருந்தது. ஸ்விட்ச் ஆட்டமில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று வலது கையால் ஒரு தரம் அழுத்திப் பார்த்தேன். டக்.

"ஆ, எரியுதுப்பா!" என்றான். "பளிச்சுனு இருக்கு. நல்ல வெள்ளை."

நான் கையிலிருந்த ப்ளக்கைப் பார்த்தேன்.

சத்தத்தைக் கேட்டுச் சொல்லியிருக்கிறான். வயரை மாற்றியாயிற்று, அப்பன் இனிப் பிழைவிட மாட்டான் என்று என் கைவேலையை நம்பிச் சொல்லியிருக்கிறான். அப்படியென்றால் முதலில் "இல்ல" என்றானே, அது இருட்டைப் பார்த்துச் சொன்னதா? அல்லது அவனுக்கு எல்லாமே அப்படித்தானா? எப்போதிருந்து? எத்தனை நாளாக எங்களுக்காகப் பார்க்கிறவன்போல இருந்தான்? கேட்க எனக்கு மனம் வரவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

"எரியுதாங்க?" குசினியிலிருந்து அவள் கேட்டாள்.

"எரியுதும்மா!" என்றான் அவன்.

"எரியுது, எரியுது" என்றேன் நானும்.

அவள் செருப்புச் சத்தம் கிட்ட வந்தது. அவள் வாசலுக்கு வருமுன் ப்ளக்கைச் செருகிவிட வேண்டும். இரண்டு தரம் அது துளைக்குள் போகமாட்டேன் என்றது. போனது. எதிர்ச்சுவர் முழுக்க வெள்ளை வெளிச்சம் பாய்ந்தது.

"அடி ஆத்தே, என்னா அழகு!" என்று வாசலில் நின்றவள் நெற்றியில் சிலுவை போட்டாள். "வர்ற செவ்வாய்க்கிழமை பெரிய மெழுகுதிரியாக் கொளுத்தணும். பாத்தியா கண்ணு?"

எத்தனை காலத்துக்குப் பிறகு அந்தக் "கண்ணு".

"பாத்தேம்மா" என்றான். அவன் முகம் ஸ்விட்ச் சத்தம் கேட்ட பக்கமே திரும்பியிருந்தது.